வெள்ளிக்கிழமை ஒரு பிடி

ஆலை வாசல் பலகையில் லட்சுமம்மாவின் பெயரை எழுதி ஒட்டியது தணிகாசலம்தான். திருட்டுக் குற்றத்தின் பேரில், விசாரணை முடியும்வரை வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதாகத் தெலுங்கில் மூன்று வரி. எழுத்து பிசகக் கூடாதென்று முதலில் பென்சிலில் எழுதி, அதன்மேல் மசி ஓட்டினான். மைதாப் பசை தடவி, நான்கு மூலையையும் அழுத்திவிட்டுத் திரும்பியபோது மேஸ்திரி ரங்கையா பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"கையெழுத்து அச்சடிச்ச மாதிரி கீது தம்பி," என்றார் ரங்கையா. "இன்னா பிரயோசனம்? அவளுக்குத்தான் படிக்கத் தெரியாதே."

தணிகாசலம் பசைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குள் போனான். அவள் அந்தக் கடலையை எடுத்தது அவன் எடுக்கச் சொல்லித்தான்.

அவனுக்கு இருபத்து மூன்று வயது. பாலசமுத்திரத்துப் பக்கம் உழவுக் குடும்பம். புத்தூர் ரயிலடிக்குப் பின்னால் இருந்த கடலை எண்ணெய் ஆலையில் ஒன்றரை வருடமாகக் குமாஸ்தா. எதையும் நம்பர் போட்டு எழுதி வைக்காவிட்டால் அவனுக்கு நிம்மதி வராது. எழுதி வைத்த பிறகும் வராது. சரியாகத்தான் எழுதினோமா என்று இன்னொரு தரம் எடுத்துப் பார்ப்பான்.

அந்தத் தை மாதம்தான் பெரிய முதலாளி நடமாட்டம் குறைந்து வீட்டோடு இருந்துவிட, மகன் கோவர்த்தனன் மதராஸிலிருந்து வந்து ஆலையை ஏற்றுக்கொண்டார். வந்த வாரமே, "இங்க நூத்திப் பத்து பேர் வேலை செய்யறாங்க. ஒரு விதி கிடையாது, ஒரு கட்டு கிடையாது. சந்தை மாதிரி இருக்கு," என்றார். மதராஸ் மில் ஒன்றின் விதிப் புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதிலிருந்து பன்னிரண்டு விதிகளைப் பொறுக்கி எழுதும் வேலை தணிகாசலத்துக்கு வந்தது. ஏழாவது விதி, ஆலைப் பொருளைச் சீட்டு இல்லாமல் வாசலுக்கு வெளியே கொண்டுபோவது திருட்டு என்றது. அதில் ஓட்டை ஏதாவது இருக்குமோ என்று ஒரு நாள் முழுக்க யோசித்து, 'அளவு எவ்வளவாயினும்' என்று இரண்டு சொற்களைத் தணிகாசலம் தானாகவே சேர்த்தான். கோவர்த்தனன் படித்துப் பார்த்து, "பலே," என்றார். அந்த ஒரு வார்த்தையில் அவன் இரண்டு நாள் மிதந்தான்.

விதிகள் இங்கிலீஷிலும் தெலுங்கிலும் சித்தூர் லேபர் ஆபீசுக்குப் போய் முத்திரையோடு திரும்பின. கொட்டகையில் கடலை பொறுக்கும் பெண்கள் பெரும்பாலும் நாராயணவனத்துப் பக்கத்துத் தமிழர்கள். தமிழில் ஒரு பிரதி ஒட்டலாமா என்று தணிகாசலம் கேட்டான்.

"ஆந்திராவுக்கும் மதராஸுக்கும் நடுவுல எல்லைச் சட்டம் இன்னும் வரலே," என்றார் கோவர்த்தனன். "எந்த ஊர் இந்தப் பக்கம், எந்த ஊர் அந்தப் பக்கம்னு ஊரே கொதிச்சிக்கிட்டு இருக்கு. இந்த நேரத்துல நான் வாசல்ல தமிழ்ல ஒட்டினா ஒருத்தன் கேப்பான், ஒட்டாட்டி இன்னொருத்தன் கேப்பான். சட்டம் வரட்டும். நீ வாயால படிச்சிக் காட்டிடு, போதும்."

பிப்ரவரி இரண்டாம் தேதி, திங்கட்கிழமை காலை, கொட்டகை நடுவில் சாக்கு மூட்டைமேல் ஏறி நின்று அவன் படித்துக் காட்டினான். தெலுங்கில் ஒரு விதி, பிறகு அதைத் தமிழில் சொல்வது. அறுபது பெண்கள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள். மேஸ்திரி ரங்கையா தூணில் சாய்ந்து நின்றார்.

"இன்னா ரைட்டரே," என்று நடுவில் கமலம்மா குரல் கொடுத்தாள். கொட்டகையில் வாய்த் துடுக்குக்குப் பேர்போனவள். "வெத்தல போடறது எத்தினியாவது நம்பருல வருது? தும்மறதுக்கு எதுனா சீட்டு வாங்கணுமா?"

சிரிப்பு அடங்குவதற்குள் அவன் ஏழாவது விதியைச் சொல்லிவிட்டான். சிரிப்பு சட்டென்று நின்றது.

வெள்ளிக்கிழமைப் பிடி என்று அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் ஒவ்வொருத்தியும் குவியலிலிருந்து ஒரு பிடி கடலை எடுத்துக்கொள்வாள். மடியில் கட்டக் கூடாது, முந்தானையில் முடியக் கூடாது. உள்ளங்கையை விரித்து வாசல்காரனுக்குக் காட்டியபடியே வெளியே போக வேண்டும். வீட்டில் அதை அவித்து, கங்கம்மாவுக்கு விளக்கேற்றிப் படைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். ஆலை தொடங்கிய வருடம் பெரிய முதலாளி தன் வாயால் சொன்னது.

கடைசி வரிசையிலிருந்து லட்சுமம்மா எழுந்தாள். நாற்பது வயதிருக்கும். காலனியிலிருந்து மூன்று மைல் நடந்து வருபவள். ஒரு வார்த்தை கேட்டால் அரை வார்த்தை பேசுபவள். "வெள்ளிக்கிழமைப் பிடி?" என்று மட்டும் கேட்டாள்.

உடனே நாலா பக்கமும் மற்றவர்களும் எழுந்து பேசத் தொடங்கினார்கள். "ஆமா, அதச் சொல்லு!" "சாமிக்குக் கூடவா சீட்டு?" இன்னும் ஐந்து விதி பாக்கி. விதியில் அது வருமா வராதா என்று தணிகாசலம் யோசித்தே பார்த்திருக்கவில்லை. 'அளவு எவ்வளவாயினும்' என்று எழுதியபோது அவன் மனத்தில் இருந்தது திருடன். லட்சுமம்மாவின் உள்ளங்கை அல்ல.

"அது இதுல வராதும்மா," என்றான். "அது வழக்கம்தானே. எப்பவும்போல எடுத்துக்கினு போங்க."

அறுபது பேரும் உட்கார்ந்தார்கள். அவன் எட்டாவது விதிக்குப் போனான். முதலாளியிடம் கேட்டு ஒரு விலக்கு எழுதி வாங்கிவிடலாம் என்று நினைத்தான். செவ்வாய் கேட்கப் போனான். முதலாளி வியாபாரிகளோடு இருந்தார். புதன் போனான், கோபமாக இருந்தார். வியாழன் போகவே இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை கோவர்த்தனன் தானே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் ரங்கையா. முதல் வரிசைப் பெண்கள் முதலாளியைப் பார்த்ததுமே கையிலிருந்ததைத் தரையில் உதறினார்கள். பின்னால் வந்தவர்களும் உதறினார்கள். கமலம்மாகூடக் காலடியில் கொட்டிவிட்டாள். வாசல் மண்ணெல்லாம் கடலை.

லட்சுமம்மா ஒருத்திதான் உள்ளங்கையை விரித்தபடி நடந்து வந்தாள்.

ஆபீஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தணிகாசலம் பார்த்தான்.

"கைல என்னது?" என்றார் கோவர்த்தனன்.

"வெள்ளிக்கெழமைங்க."

"கீழ போடு."

"ஏங்க போடணும்? போட்டா நான் திருடின மாதிரி ஆயிடுங்க."

ரங்கையா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவள் விரல்களை மூடவில்லை. கடலை ஒவ்வொன்றாக உதிர்ந்தது. அப்போது அவள் தலையைத் திருப்பி ஆபீஸ் ஜன்னலைப் பார்த்தாள். தணிகாசலம் கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தான். அந்த ஓரடியைத்தான் பிறகு அவனால் எந்த நம்பரும் போட்டு எழுதி வைக்க முடியவில்லை.

மறுநாள் காலை முதலாளி மூன்று வரி சொன்னார். அவன் எழுதி ஒட்டினான். வியாழக்கிழமை விசாரணை என்று நாள் குறித்தார்கள்.

"முதல் கேஸ் சுத்தமா இருக்கணும்," என்றார் கோவர்த்தனன். "விதி போட்டா போதாது, ஒரு தடவ கடிக்கணும். அப்பதான் மத்தவங்களுக்குப் பல் தெரியும். விசாரணைக் காகிதம் சித்தூருக்குப் போவும். நீதான் எழுதறே."

திருட்டு என்று எழுதி வெளியே அனுப்பினால் புத்தூரிலிருந்து ரேணிகுண்டா வரை எந்த ஆலையும் அவளைச் சேர்க்காது. அவள் புருஷனுக்கு வருடத்தில் நான்கு மாதம்தான் வயல்வேலை. இதெல்லாம் தணிகாசலத்துக்குத் தெரியும். ஆலைப் பதிவேட்டில் அவர்கள் குடும்ப விவரத்தை எழுதியவனும் அவன்தான். உண்மையைச் சொன்னால் அவன் வேலை போகும் என்பதும் தெரியும்.

அதற்கும் மேலே, அவனுக்கு வழக்கமான சந்தேகம் வந்தது. உண்மையில் அப்படித்தான் சொன்னோமா? 'கேட்டுச் சொல்கிறேன்' என்று சொல்லியிருக்கலாம் அல்லவா? சத்தத்தில் அவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கலாம் அல்லவா? நினைக்க நினைக்க, அன்று தான் பேசிய பேச்சே அவனுக்கு மங்கலாகிப்போனது. மங்கலாவது கொஞ்சம் வசதியாகவும் இருந்தது.

செவ்வாயும் வியாழனும் சாயங்கால ரயிலில் திருப்பதிக்குப் போய் அவன் தெலுங்கு வகுப்பில் படித்துவந்தான். தெலுங்குப் பரீட்சை தேறினால்தான் ஆபீசில் மேலே வர முடியும். தினமும் அன்றைய நடப்பைப் பத்து வரி தெலுங்கில் எழுதிவர வேண்டும் என்பது வாத்தியார் கட்டளை. அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் போன வாரத்து நோட்டைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தார். பிப்ரவரி இரண்டாம் தேதிப் பக்கம். நான்காவது வரியில் அவன் கையெழுத்தில் இருந்தது: 'வெள்ளிக்கிழமைப் பிடி விதியில் வராது, எப்போதும்போல எடுத்துப் போங்கள் என்று பெண்களிடம் சொன்னேன்.' ஐந்தாவது வரி: 'முதலாளியிடம் கேட்க வேண்டும்.' இரண்டையும் வாத்தியார் சிவப்பு மசியால் அங்கங்கே திருத்தி, ஓரத்தில் 'பரவாயில்லை' என்று எழுதியிருந்தார். அவருக்கு அது வெறும் வாக்கியம். தணிகாசலம் நோட்டை மூடிவிட்டான். ரயில் புத்தூர் வந்து சேரும்வரை திறக்கவில்லை. இனி மறந்துபோனதாகச் சொல்லிக்கொள்ள அவனுக்கு வழியில்லை.

புதன்கிழமை எடைபோடும் இடத்தில் ரங்கையா அவனை ஓரமாகக் கூப்பிட்டார்.

"நாளைக்கு நீ எழுதறவன். எழுதறவனுக்கு வாய் கெடையாது. தெரியுமில்ல?"

"மேஸ்திரி, அன்னிக்கு நீங்களும் அங்கதானே இருந்தீங்க?"

"இருந்தேன். மிஷின் சத்தம். எனக்கு ஒண்ணும் காதுல விழல."

"மிஷினை அன்னிக்கு நிறுத்தியிருந்தாங்க."

ரங்கையா அவனைப் பார்த்தார். கோபத்தைவிட அலுப்புதான் அந்த முகத்தில் தெரிந்தது. "எனக்கு நாலு பொண்ணு தம்பி. இருபது வருசமா பெரியவருகிட்ட நல்ல பேரு. இவரு வந்து ஒரு மாசம் ஆவல. எனக்குக் காது கேக்கலன்னா கேக்கல. உனக்கும் கேக்கலன்னு வெச்சிக்க. அவளுக்கு வேற எங்கனா கூலி கெடைக்கும்."

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு விசாரணை. முதலாளி அறையில் மேசைக்குப் பின்னால் கோவர்த்தனன். பக்கவாட்டில் சின்ன மேசையில் தணிகாசலம், வரிசை எண் போட்ட எட்டுத் தாள்களோடு. ரங்கையா சுவரோரம். துணைக்கு ஒருத்தியை வைத்துக்கொள்ளலாம் என்று விதி இருந்ததால் லட்சுமம்மாவோடு கமலம்மாவும் வந்து நின்றாள். பேசுவதை அப்படியே தமிழில் எழுதி, படித்துக் காட்டி, அதன்பிறகே ரேகை வாங்க வேண்டும். அதுவும் விதி.

"வெள்ளிக்கிழமை ஆலைக் கடலைய வெளிய எடுத்துக்கிட்டுப் போனது உண்மையா?" என்றார் கோவர்த்தனன்.

"உண்மைங்க."

"விதி படிச்சிக் காட்டினப்ப நீ இருந்தியா?"

"இருந்தேங்க."

"அப்ப ஏன் எடுத்தே?"

"எடுக்கலாம்னு சொன்னாங்க. அதான் எடுத்தேங்க."

"யார் சொன்னது?"

லட்சுமம்மா கையை நீட்டவில்லை. தலையை மட்டும் சின்ன மேசைப் பக்கம் அசைத்தாள். "ரைட்டரய்யாதாங்க."

கோவர்த்தனன் தணிகாசலத்தைப் பார்க்காமலே, நிதானமாகச் சொன்னார்: "இவ சொல்றத நான் சுருக்கிச் சொல்றேன், எழுதிக்கோ. 'பழைய வழக்கம் என்று நினைத்து எடுத்தேன். விதி தெரிந்தும் எடுத்தது தவறுதான்.' எழுதிட்டியா?"

தணிகாசலம் எழுதினான். கை தானாகவே எழுதியது. ஒன்றரை வருடமாக முதலாளி சொன்னதை எழுதிப் பழகிய கை.

"படிச்சிக் காட்டு. ரேகை வாங்கு."

அவன் தாளை எடுத்தான். லட்சுமம்மா பக்கத்தில் வந்து நின்றாள். எழுத்தைப் பார்க்கவில்லை, அவன் வாயைப் பார்த்தாள். அன்று சாக்கு மூட்டைமேல் நின்றபோது பார்த்த அதே மாதிரி. இப்போது தாளில் ஒன்று இருக்க, வாயால் வேறொன்று சொன்னாலும் அவள் கட்டைவிரலை நீட்டிவிடுவாள். அது முதலாளிக்கும் தெரிந்திருந்தது, ரங்கையாவுக்கும் தெரிந்திருந்தது. இருவரும் காத்திருந்தார்கள்.

தணிகாசலம் தாளில் இருந்ததை இருந்தபடியே படித்தான். "பழைய வழக்கம் என்று நினைத்து எடுத்தேன். விதி தெரிந்தும் எடுத்தது தவறுதான்."

"நான் அப்பிடிச் சொல்லலியே," என்றாள் லட்சுமம்மா.

"அய்ய! இது இன்னா கூத்து?" என்று கமலம்மா வெடித்தாள். "அவ ஒண்ணு சொல்ல, நீங்க ஒண்ணு எழுதறீங்க. இதுக்கு அவ எதுக்கு வந்து நிக்கணும்? வூட்லயே இருந்திருக்கலாமே!"

"நீ துணைக்கு வந்தவ. வாய மூடு," என்றார் கோவர்த்தனன். "தணிகாசலம், விரல்ல மசி தடவு."

தணிகாசலம் மசிப் பெட்டியைத் திறக்கவில்லை. எழுதிய இரண்டு வரிகளையும் ஒரே கோட்டில் அடித்தான். அடித்த இடத்தின் ஓரத்தில் வழக்கப்படி தன் சுருக்கக் கையெழுத்தைப் போட்டான். பிறகு எழுதத் தொடங்கினான். பேனா முனை தாளில் உராயும் சத்தம் அவனுக்கே பெரிதாகக் கேட்டது.

"என்ன எழுதறே?"

"அந்தம்மா சொன்னதை எழுதறேங்க. 'எடுக்கலாம் என்று குமாஸ்தா சொன்னார், அதனால் எடுத்தேன்.'"

"உன்ன எழுதச் சொன்னேனா நான்?"

"இல்லீங்க." அவன் எழுதிக்கொண்டே சொன்னான். "அடுத்தது என் வாக்குமூலங்க. பிப்ரவரி ரெண்டாம் தேதி ஏழாவது விதியைப் படிச்சிக் காட்டினப்ப, வெள்ளிக்கிழமைப் பிடி அதுல வராதுன்னு நான்தான் சொன்னேன். உங்களைக் கேக்காம சொன்னேன். அவங்க எல்லாருமே அதை நம்பிதான் எடுத்தாங்க. உங்களைப் பார்த்ததும் மத்தவங்க பயந்து கீழ போட்டுட்டாங்க. இந்தம்மா போடல."

கோவர்த்தனனின் முகம் மெதுவாகச் சிவந்தது. "ரங்கையா! இவன் அப்படிச் சொன்னானா?"

ரங்கையா தரையைப் பார்த்தார். "எனக்கு... சரியா நெனப்பில்லீங்க."

"மேஸ்திரிக்கு நெனப்பில்லன்னா கொட்டகைல அறுபது பேருக்கு கீதுங்க," என்றாள் கமலம்மா. "ஒவ்வொருத்தியா கூட்டியாரட்டுமா? இன்னிக்குப் பொழுது போயிடும், பரவால்லியா?"

கோவர்த்தனன் எழுந்து வந்து தாளை எடுத்துப் பார்த்தார். மூன்றாம் நம்பர் தாள். குற்றச்சாட்டு எழுதிய முதல் இரண்டிலும் ஏற்கெனவே எல்லோருடைய கையெழுத்தும் ரேகையும் விழுந்திருந்தன. இதைக் கிழித்தால் நடுவில் ஒரு நம்பர் குறையும். கிழிக்காமல் அனுப்பினால் சித்தூரில் இதைப் படிப்பவன், விதியைப் படித்துக் காட்டியவனே தப்பாகச் சொன்னான் என்பதைத்தான் முதலில் பார்ப்பான். அடுத்த கேள்வி, ஏன் அவர்கள் பாஷையில் ஒட்டவில்லை என்பதாக இருக்கும். அவர் தாளைத் திரும்ப மேசைமேல் போட்டார்.

"குற்றம் நிரூபணம் ஆகல. வேலைக்கு எடுத்துக்கலாம். நின்ன நாளுக்குக் கூலி கெடையாது. எழுது," என்றார். எழுதி முடிக்கும்வரை நின்றார். பிறகு, "உன்னுடைய விளக்கம் இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள என் மேசைல இருக்கணும். ஏன் சொன்னே, யாரைக் கேட்டுச் சொன்னே, எல்லாம். அதைப் பார்த்துட்டு உன்ன வெச்சிக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்றேன்," என்றார்.

தணிகாசலம் திருத்திய தாளைப் படித்துக் காட்டினான். லட்சுமம்மா முழுவதும் கேட்டுவிட்டு, "இது சரி," என்று கட்டைவிரலை நீட்டினாள்.

வெளியே வந்ததும் கமலம்மா கொட்டகைக்கு ஓடினாள். லட்சுமம்மா ஓடவில்லை. ஆபீஸ் படியிலேயே நின்றாள்.

"வேலைக்குப் போகலாம்மா. இன்னிக்குப் பேர் போட்டுடறேன்," என்றான் தணிகாசலம்.

"மொதல்ல வாசல்ல ஒட்டின காயிதம்."

அவன் ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனான். ஐந்து நாள் வெயிலில் மைதா கல்லாக இறுகியிருந்தது. தண்ணீர் தெளித்து, நகத்தால் மூலையைக் கிளப்பினான். தாள் உரிந்து வராமல் துணுக்குத் துணுக்காகக் கிழிந்தது. அவ்வளவு பக்குவமாக ஒட்டியிருந்தான்.

"எதுங்க என் பேரு?" என்றாள் அவள்.

அவன் விரல் வைத்துக் காட்டினான்.

"அதுவா? இத்தினி நீட்டா?" அவள் கிட்டே வந்து பார்த்தாள். "போறவன் வர்றவன் எல்லாம் படிச்சிட்டுப் போனான். எங்க தெரு வரைக்கும் வந்து சொன்னானுங்க. நான் இன்னிக்குத்தான் பாக்கறேன்." பிறகு குரலை உயர்த்தாமலே கேட்டாள். "அன்னிக்கே நீங்க வெளிய வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா இது இருந்திருக்காது இல்ல?"

"இருந்திருக்காது."

"ஜன்னல்லதானே நின்னுக்கினு இருந்தீங்க."

"ஆமாம்."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவன் வாயெடுத்தான். அவள் அதற்காகக் காத்திருந்த மாதிரி தெரியவில்லை. பெயர் இருந்த துண்டு பலகையிலிருந்து வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஈரமாகச் சுருண்டு அவன் விரலில் ஒட்டிக்கொண்டது. கொட்டகையிலிருந்து முறங்களின் சத்தம் வந்தது.

"நாளைக்கு வெள்ளிக்கெழம," என்றாள். "பிடி உண்டா, இல்லியா?"

தணிகாசலத்தின் நாக்கு நுனிவரை ஏதோ ஒரு பதில் வந்தது. அன்றைக்கு வந்த மாதிரியே, எல்லோரையும் உட்கார வைத்துவிடும் ஒரு பதில்.

"தெரியாதும்மா," என்றான். "கேட்டுட்டு வந்து சொல்றேன்."

"எப்ப?"

அவன் செம்பைப் பலகைக்கு அடியில் வைத்தான். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, முதலாளி அறையை நோக்கி நடந்தான். அவன் கதவைத் தட்டும் வரைக்கும் லட்சுமம்மா வாசலிலேயே நின்றாள்.